எல்லா மருந்துக்கும் ‘ஆர்’ வந்த கல்ச்சர் ரிப்போர்ட்டும் ஃபேஜ் சிகிச்சையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, பல வருடச் சர்க்கரை. ப்ராஸ்டேட் வீக்கத்தால் சில மாதங்களாகக் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) இருக்கிறது. சிறுநீர் கல்ச்சரில், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒன்றைத் தவிர, சோதித்த மருந்துகள் அத்தனைக்கும் நேரே ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்கு அடங்காது) என்று போட்டிருக்கிறார்கள். கோலிஸ்டின் கிட்னியைக் கெடுக்கும் என்று டாக்டர் தயங்குகிறார். ஜார்ஜியா நாட்டில் பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் என்ற வைரஸைக் கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, அது நிஜமா, இங்கே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ‘வீட்டை அடமானம் வைத்தாவது கூட்டிப் போகலாமா’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவ நுண்ணுயிரியல் படித்தவன். ஆஸ்பத்திரி லேபில் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. அப்பாவை நான் பார்த்ததில்லை, அதனால் அவருக்கான சிகிச்சையை இங்கிருந்து சொல்ல முடியாது. சுருக்கமான பதில் இது: ஃபேஜ் சிகிச்சை நிஜம், மோசடி இல்லை. ஆனால் பெயரைச் சொல்லி வாங்கக்கூடிய மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. நீங்கள் சொன்ன விவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், வீட்டை அடமானம் வைக்கும் கட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. அதற்கு முன் இங்கேயே செய்ய வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ். மண், சாக்கடை, ஆறு, நம் குடல் என்று பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கிறது. நம் செல்களில் அதனால் பெருக முடியாது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்தும். அரை மணி நேரம் போல ஆனதும் பாக்டீரியா வெடித்துச் சிதறும், பத்துக் கணக்கிலோ நூற்றுக் கணக்கிலோ புது ஃபேஜ்கள் வெளியே வரும். லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அகார் பிளேட் (கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டு) முழுக்கப் பாக்டீரியாவைப் பரப்பி, மேலே ஃபேஜ் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்தால், மறுநாள் காலையில் பிளேட் மங்கிய வெண்மையாகப் படர்ந்திருக்கும். சொட்டு விழுந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் பிளேட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தத் தெளிவை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே இடத்தில் ஏராளமான ஃபேஜ்கள் மொய்த்தால், உள்ளே பெருகாமலே பாக்டீரியாவின் சுவரைக் கிழித்துவிடும். அதனால் திரவத்தைப் பல மடங்கு நீர்த்து மறுபடி பரப்பி, தனித்தனிப் புள்ளிகள் வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ‘பொருந்துகிறது’ என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பொருத்தம்தான் முழு விஷயமும். மெரோபெனம் போன்ற ஆன்டிபயாட்டிக் பலவகைப் பாக்டீரியாக்களைத் தாக்கும். ஃபேஜ் அப்படி இல்லை. பூட்டுக்குச் சாவி மாதிரி. அதுவும் க்ளெப்சியெல்லாவுக்கு வெளியே தடித்த சர்க்கரை உறை ஒன்று உண்டு. அந்த உறையில் எழுபதுக்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன. பல க்ளெப்சியெல்லா ஃபேஜ்கள் ஒன்றிரண்டு ரக உறைகளைத்தான் கரைத்து உள்ளே போகும். அப்பாவின் க்ளெப்சியெல்லாவும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் க்ளெப்சியெல்லாவும் ரிப்போர்ட்டில் ஒரே பெயரில் இருக்கும், ஒருவருக்குப் பொருந்திய ஃபேஜ் மற்றவரிடம் ஒன்றுமே செய்யாமல் போகலாம். ஆகவே ‘ஃபேஜ் வேலை செய்யுமா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இவர் உடம்பில் இருக்கும் இந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் யாரிடமாவது இருக்கிறதா, அது தொற்று இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா என்று கேட்க வேண்டும்.

இது புது மோகமும் இல்லை. 1896-இல் ஆக்ராவில் வேலை பார்த்த ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். (அதை வைத்துக்கொண்டு ஆற்று நீரையே மருந்தாகக் குடிக்கச் சொல்லும் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். தயவுசெய்து வேண்டாம். அந்த நீரில் ஃபேஜ் இருக்கிறதென்றால், அதற்கு இரையாகும் பாக்டீரியாவும் அங்கே இருக்கிறது என்று பொருள்.) 1915-இல் லண்டனில் ட்வார்ட்டும், 1917-இல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஃபெலிக்ஸ் தெரெலும் ஃபேஜைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். தெரெல் 1920-களில் இந்தியாவுக்கே வந்து காலரா நோயாளிகளிடம் சோதித்தார். அவருடைய நண்பர் ஜார்ஜ் எலியாவா 1923-இல் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் தொடங்கிய நிறுவனம்தான் நீங்கள் வீடியோவில் பார்த்தது. எலியாவாவை 1937-இல் ஸ்டாலின் ஆட்சி கொன்றது, நிறுவனம் பிழைத்தது. பெனிசிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜைக் கைவிட்டன. சோவியத் நாடுகளிலும் போலந்திலும் மட்டும் அது தொடர்ந்தது. அங்கே பல பத்தாண்டு அனுபவம் சேர்ந்திருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் பெரும்பகுதி, மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த பதிவு இல்லை.

இப்போது ஃபேஜ் மறுபடி பேசப்படுவதற்கு ஒரு நோயாளியின் கதை முக்கியக் காரணம். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் பாட்டர்சன், 2015 நவம்பரில் எகிப்துக்குச் சுற்றுலா போன இடத்தில் கணைய அழற்சியில் விழுந்தார். வயிற்றுக்குள் சேர்ந்த சீழில் அசினெட்டோபாக்டர் பௌமனி என்ற பாக்டீரியா, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத ரகம். அவர் கோமாவுக்குப் போன பிறகு, தொற்றுநோயியல் வல்லுநரான மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி ஃபேஜ் வைத்திருப்பவர்களைத் தேடி உலகம் முழுக்க எழுதினார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் பொருந்தும் ஃபேஜ்களைத் தேடிக் கொடுத்தன. 2016 மார்ச்சில் முதலில் வயிற்றிலிருந்து சீழ் வடிக்க வைத்திருந்த குழாய்கள் வழியாக, பிறகு ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். சில நாளில் கண் விழித்தார், ஆகஸ்டில் வீடு திரும்பினார். வீடியோக்கள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். நடுவில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் ஃபேஜ் கலவை ஏறிய கொஞ்ச நாளிலேயே பாக்டீரியா அதற்கும் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது. மாறிப்போன பாக்டீரியாவை எடுத்து, அதைக் கொல்லும் வேறு ஃபேஜை மறுபடி தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆன்டிபயாட்டிக்கும் கூடவே போய்க்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் மருந்து அவரைக் காப்பாற்றவில்லை. மாதக் கணக்கில் பல லேப்கள் அவர் ஒருவருக்காக வேலை செய்தன.

லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயதுப் பெண்ணுக்கு 2018-இல் நடந்ததும் இதே மாதிரிதான். காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸ்ஸஸ் உடம்பெங்கும் பரவியிருந்தது. பிட்ஸ்பர்க்கில் கிரஹாம் ஹாட்ஃபுல் குழு தன்னிடமிருந்த பெரிய சேமிப்பில் தேடி மூன்று ஃபேஜ்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் ‘மட்டி’ என்ற ஃபேஜ் தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காய் ஒன்றிலிருந்து கிடைத்தது. மற்ற இரண்டின் மரபணுவை வெட்டித் திருத்திய பிறகுதான் அவை சரியாகக் கொன்றன. அந்தப் பெண் நன்றாகத் தேறினார். ஆனால் அதே குழு 2022-இல் இப்படிச் சிகிச்சை பெற்ற 20 பேரின் விவரத்தை வெளியிட்டபோது, நல்ல பலன் தெரிந்தது 11 பேருக்கு. வேறொரு முதியவருக்கு அதே ஃபேஜ்களைக் கொடுத்தபோது, முதலில் கிருமி குறைந்தது, பிறகு அவர் உடம்பே ஃபேஜுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது.

தனி நோயாளிகளின் கதையிலிருந்து எவ்வளவு முடிவுக்கு வரலாம் என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. பிழைத்தவர்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். அதனால் பெல்ஜியத்தின் ராணுவ ஆஸ்பத்திரி ஒருங்கிணைத்து 2024-இல் வெளியிட்ட ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். தோற்றதையும் விடாமல், தொடர்ச்சியாக வந்த 100 நோயாளிகளை 12 நாடுகளிலிருந்து கணக்கில் எடுத்தார்கள். சுமார் 77 சதவீதம் பேருக்கு உடல்நிலை முன்னேறியது, சுமார் 61 சதவீதம் பேரிடம் குறிவைத்த பாக்டீரியா ஒழிந்தது. கூடவே ஆன்டிபயாட்டிக் இல்லாதவர்களிடம் ஒழிப்பு வெகுவாகக் குறைந்தது. இதிலும் ஒப்பீட்டுக் குழு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்வுகளில் முக்கியமான மூன்றின் முடிவுகள் ஏமாற்றமாகவே இருந்தன. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காய நோயாளிகளிடம் நடந்த ஃபாகோபர்ன் ஆய்வில், வழக்கமான வெள்ளி மருந்தைவிட ஃபேஜ் மெதுவாகத்தான் கிருமியைக் குறைத்தது. பின்னால் பார்த்தால், சேமித்து வைத்த ஃபேஜ் நாளாக நாளாக வீரியம் இழந்து, திட்டமிட்ட அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் நோயாளிக்குப் போயிருந்தது. வங்கதேசத்தில் 120 குழந்தைகளிடம் வயிற்றுப்போக்குக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. குடலில் ஃபேஜ் பெருகவே இல்லை. மூன்றாவதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது அப்பாவின் பிரச்சினைக்கு மிக நெருக்கமானது. திபிலீசியிலேயே, ப்ராஸ்டேட் அறுவை செய்துகொள்ளும், சிறுநீர்த் தொற்றுள்ள ஆண்கள் 97 பேருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பகுதிக்கு எலியாவா நிறுவனத்தின் ‘பையோ’ (Pyo) ஃபேஜ் கலவையைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் விட்டார்கள், ஒரு பகுதிக்கு வெறும் திரவம், ஒரு பகுதிக்கு ஆன்டிபயாட்டிக். 2021-இல் வெளிவந்த முடிவு: வெறும் திரவத்தைவிட ஃபேஜ் மேலாக இல்லை. பாதுகாப்பில் குறை எதுவும் தென்படவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, சுத்திகரித்த ஃபேஜ் பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதுதான். சுத்திகரித்த என்ற சொல் அதில் முக்கியம். க்ளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாவில் வளர்த்து எடுக்கும் ஃபேஜ் திரவத்தில், உடைந்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு ஏராளமாக இருக்கும். அதை நீக்காமல் ரத்தத்தில் ஏற்றினால் ஆளையே கொல்லலாம். சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு நச்சுப் பண்பையே கொடுக்கும். காலரா நச்சு, டிப்தீரியா நச்சு இரண்டையும் பாக்டீரியாவுக்குக் கொடுப்பது ஃபேஜ்தான். மரபணு வரிசையைப் பார்த்து அப்படிப்பட்டவற்றை ஒதுக்க வேண்டும். சந்தேகத்தில் இருப்பவை இன்னும் நிறைய: எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள், எந்த ஆன்டிபயாட்டிக்கோடு.

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஷாங்காயிலிருந்து 2020-இல் வந்த ஒரு பதிவு நல்ல வெளிச்சம் தருகிறது. திரும்பத் திரும்ப வந்த க்ளெப்சியெல்லா சிறுநீர்த் தொற்று, கிட்டத்தட்ட எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு, அப்பாவுடைய ரிப்போர்ட் மாதிரிதான். முதல் இரண்டு சுற்றிலும் ஃபேஜ் கொடுத்ததும் எதிர்ப்புள்ள பாக்டீரியா தலைதூக்கியது. மூன்றாவது சுற்றில் ஃபேஜோடு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்தார்கள். ரிப்போர்ட்படி அந்த மாத்திரை தனியாக அந்தப் பாக்டீரியாவைத் தொடாது. ஆனால் ஃபேஜோடு சேர்ந்தபோது எதிர்ப்பு எழவில்லை, தொற்று போனது. ஃபேஜிடமிருந்து தப்பிக்கப் பாக்டீரியா தன் உறையையோ மேற்பரப்பையோ மாற்ற வேண்டியிருக்கிறது, அந்த மாற்றம் பல சமயம் வேறொரு இடத்தில் அதைப் பலவீனமாக்குகிறது. ஒரே ஒரு நோயாளியின் கதைதான் இது, ஆனாலும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு ஃபேஜுக்குப் போவது தவறு என்பதற்கு இன்னொரு சாட்சி.

இனி அப்பாவைப் பற்றி. நீங்கள் எழுதியதில் காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுக்கம், விலாவலி, மயக்கம் எதுவும் இல்லை. கதீட்டர் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா இருக்கும். சிறுநீர் கலங்குவதோ, வாடை அடிப்பதோ, சீழ் செல் தெரிவதோ மட்டும் தொற்றுக்கு அடையாளம் ஆகாது. அறிகுறி இல்லாதவரின் கல்ச்சரில் வளர்ந்ததற்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்பதுதான் வழிகாட்டு நெறி. ப்ராஸ்டேட் அறுவை போன்றவற்றுக்கு முன்னால் கொடுக்கும் குறுகிய சிகிச்சை அதற்கு விலக்கு. அப்பாவுக்கு இருப்பது தொற்றா, இல்லை நோய் தராமல் பாக்டீரியா தங்கியிருக்கும் வெறும் குடியிருப்பா என்று யூராலஜிஸ்டிடம் நேராகக் கேளுங்கள். குடியிருப்பு என்றால் கோலிஸ்டினும் வேண்டாம், திபிலீசியும் வேண்டாம். சிறுநீர் எங்கே எடுத்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். பழைய கதீட்டரிலிருந்தோ பையிலிருந்தோ எடுத்திருந்தால், அந்த ரிப்போர்ட் குழாயில் படிந்திருக்கும் பாக்டீரியாப் படலத்தைத்தான் காட்டுகிறது. கதீட்டரை மாற்றிவிட்டு, புதுக் குழாய் வழியாக வரும் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படலத்தோடு குழாய் உள்ளே இருக்கும்வரை ஃபேஜோ ஆன்டிபயாட்டிக்கோ முழுதாக ஜெயிப்பது கஷ்டம்.

தொற்றுதான் என்று முடிவானால், ‘எல்லாவற்றுக்கும் ஆர்’ என்பது பெரும்பாலும் ‘சோதித்தவை எல்லாவற்றுக்கும்’ என்றுதான் பொருள்படும். நம் ஊர் க்ளெப்சியெல்லாவில் ஆன்டிபயாட்டிக்குகளை உடைத்துவிடும் என்டிஎம் என்ற நொதி சகஜம். 2010-இல் அதன் பரவலை உலகுக்குக் காட்டிய ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன, முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அந்த நொதி இருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற ஊசி மருந்து தனியாக வேலை செய்யாது. அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் கூடச் சேர்ந்தால் பலருக்கு வேலை செய்கிறது. இந்தச் சேர்க்கையைப் பல லேப்கள் கேட்டால்தான் சோதிக்கும், கேளுங்கள். கோலிஸ்டின் முடிவை எந்த முறையில் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள், மருந்து வட்டு வைத்துப் பார்த்தது நம்பத்தக்கதல்ல.

கூடவே, லேபில் அந்தப் பாக்டீரியாவைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் போனதும் சில நாளில் பிளேட்டை அழித்துவிடுவோம். அது எங்கள் நடைமுறை. டாக்டர் எழுதிக் கேட்டால் கிளிசராலில் போட்டு ஆழ்குளிரில் வைக்கலாம், வருடக் கணக்கில் இருக்கும். பின்னால் எந்த நாட்டில் ஃபேஜ் தேடினாலும் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இது இல்லாமல் பொருத்தம் பார்க்கவே முடியாது.

இந்தியாவில் ஃபேஜ் மருந்தாக அங்கீகாரம் பெற்றுக் கடையில் கிடைப்பதில்லை. வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆறாத புண்களில் போட்டுப் பார்த்து நல்ல பலன் எழுதியிருக்கிறார்கள். 2019-இல் வெளியிட்டதில் 20 பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை. இணையத்தில் யாராவது ஃபேஜ் பாட்டில் விற்றால் வாங்காதீர்கள். பொருத்தம் பார்க்காத பாட்டிலுக்குச் சிகிச்சை மதிப்பு கிடையாது. திபிலீசி மையம் வெளிநாட்டு நோயாளிகளை ஏற்கிறது, அதற்காக அப்பாவை உடனே விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை. முதலில் எழுதி விசாரியுங்கள். இந்தப் பாக்டீரியாவை அவர்களுடைய தயார் கலவைகள் கொல்கின்றனவா, இல்லையென்றால் தனியாகத் தயாரிக்க எவ்வளவு காலமும் பணமும் ஆகும், சிறுநீர்ப்பையில் விடுவார்களா வாய்வழியா, ஊருக்கு வந்த பிறகு எதிர்ப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வாய்வழி என்றால், ஃபேஜ் வயிற்று அமிலத்தைத் தாண்ட வேண்டும். ரத்தத்தில் ஏற்றினாலும் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டிவிடும், சிறுநீருக்குக் கொஞ்சம்தான் வரும். பொருத்தம் இருக்கிறது என்ற பதில் எழுத்தில் வரும்வரை யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.

கதீட்டர் மாற்றி எடுத்த புது ரிப்போர்ட் வந்ததும், பெயர், ஆஸ்பத்திரி விவரத்தை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள், எந்தச் சோதனை விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். இதற்கிடையில் அப்பாவுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலோ, பேச்சில் குழப்பமோ, சிறுநீர் அளவு குறைவதோ தெரிந்தால் என் பதிலுக்காகவோ வேறு யாருடைய பதிலுக்காகவோ காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போய் டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள். எந்த மருந்து பலிக்காது என்பது தெரிந்தால், அவர் முதல் ஊசியிலேயே சரியானதைத் தேர்ந்தெடுக்க முடியும்.